1542-க்குப் பிறகும் விற்கப்பட்டவர்கள்

வணக்கம்.
அமெரிக்கப் பழங்குடிகளை அடிமையாக்குவதை ஸ்பெயின் 1542-லேயே தடைசெய்துவிட்டது என்று படித்திருக்கிறேன். அதற்குப் பிறகும் சிலியில் மாபுச்சே மக்கள் விற்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்?
ம.

அன்புள்ள ம.,

இரண்டும் சரிதான். தடை 1500-லேயே வந்துவிட்டது, இசபெல்லா அரசியின் ஆணையாக. 1503-ல் அவரே ஒரு விலக்கும் தந்தார்: நரமாமிசம் தின்பவர்களைப் பிடித்து விற்கலாம். யார் அப்படித் தின்பவர் என்று சொன்னது பிடிக்கப் போனவர்கள்தான். பிறகு ‘நியாயமான போரில்’ சிக்கியவர்கள், வேறு பழங்குடிகளிடமிருந்து விலைகொடுத்து ‘மீட்கப்பட்டவர்கள்’ என்று விலக்குகள் பெருகின. 1513 முதல், தாக்குவதற்கு முன் அடிபணியச் சொல்லும் அறிவிப்பை வாசிக்க வேண்டும். வாசித்தது ஸ்பானிய மொழியில். வாசித்தாயிற்று என்று நோட்டரி எழுதிவிட்டால் போர் நியாயமாகிவிடும். பிடிபட்டவர்களின் முகத்தில் சூடு போட்டார்கள். அந்தத் தழும்புதான் உரிமைப் பத்திரம்.

1542 சட்டத்தின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருந்தது. அடிமை என்று நிரூபிக்கும் பொறுப்பை அது உரிமையாளர் மேல் போட்டது. 1543-ல் அரசு அதிகாரி கிரிகோரியோ லோப்பஸ் ஸ்பெயினின் செவில் நகரில் விசாரணை நடத்தினார், பலர் விடுதலையானார்கள். உரிமையாளர்கள் உடனே வேறு வழி பிடித்தார்கள். போர்ச்சுகலின் ஆதிக்கப் பகுதிகளிலிருந்து வந்தவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எனவே ‘இவள் பிரேசிலில் பிறந்தவள்’, ‘இவன் கள்ளிக்கோட்டைக்காரன்’ என்று வாதிட்டார்கள். ஸ்பானிய அமெரிக்காவில் பிறந்தவர் தன் பிறந்த ஊரை நிரூபிக்க, நிறம், பேச்சு, முகத்தின் தழும்பு பற்றிச் சாட்சிகளைத் தேட வேண்டியிருந்தது. சிறுவயதிலேயே தூக்கிவரப்பட்டவருக்கு யார் சாட்சி சொல்வார்?

சிலியில் தடையையே விலக்கினார்கள். 1598-ல் குராலபாவில் மாபுச்சே வீரர்கள் ஸ்பானிய ஆளுநரைக் கொன்றனர். 1608-ல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப், கிளர்ச்சி செய்த மாபுச்சேக்களில் பத்தரை வயதைத் தாண்டிய ஆண்களையும் ஒன்பதரை வயதைத் தாண்டிய பெண்களையும் அடிமையாக்கலாம் என்றார். அதற்குக் கீழே உள்ள குழந்தைகள் அடிமைகள் அல்லர், 20 வயதுவரை ஊழியம் செய்வோர் மட்டுமே என்பது ஏற்பாடு. ஆனால் பிடித்துவந்த குழந்தையின் வயதைச் சொன்னவர் யார்? பிடித்தவரேதான். விலை கிடைத்ததால் போர் முடியாமல் இருப்பதே படையினருக்கு லாபம். 1654-ல் ஆளுநரின் மைத்துனர் நடத்திய ஆள்பிடிப்புப் படையெடுப்பு புயெனோ ஆற்றில் தோற்றது. மறு ஆண்டு பெரும் கிளர்ச்சி வெடித்தது.

1674-ல்தான் சிலியிலும் தடை வந்தது. அப்போதும் ஆளுநர், விடுதலையானவர்களைப் பழைய எஜமானர்களிடமே ‘பாதுகாப்பில்’ ஒப்படைத்தார்.