பிக்கப் வண்டியில் கேம்பர் கூண்டு (பயணத்தில் உள்ளேயே தங்கிச் சமைக்க உதவும், கழற்றி மாட்டும் அறை) ஏற்றுவது எப்படி? ஏற்காடு மலைப்பாதைக்குத் தாங்குமா?

தாங்கும். ஆனால் கூண்டின் பாரம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். அது பின்னால் விழுந்தால் சேலம் ஊருக்குள் ஓட்டும்வரை தெரியாது, மலையில்தான் தெரியும்.

என் கூண்டை லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் செய்தேன். 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, அடுப்பு எல்லாவற்றையும் கைக்கு எட்டட்டும் என்று பின்கதவோரம் வைக்கச் சொன்னது நான்தான். அடிவாரம் தாண்டி ஏறத் தொடங்கியதும் ஸ்டியரிங் லேசாகிவிட்டது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் முழுக்க ஒடித்தும் வண்டி திரும்பாமல் விளிம்பை நோக்கியே போனது. பக்கத்தில் மனைவி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னும் 18 வளைவுகள் இருந்தன. ஓரங்கட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு இறங்கிவிட்டோம்.

அதன்பிறகு ஒரு சோதனை செய்யாமல் நான் கிளம்புவதில்லை. சேலத்தில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. தரையோடு சமமாக இருக்கும் மேடையில் முன் சக்கரங்களை மட்டும் நிறுத்தி, கூண்டு இல்லாமல் ஒருமுறையும் ஏற்றிய பிறகு ஒருமுறையும் எடை போடுங்கள். ஏற்றிய பிறகு முன் எடை குறைந்தால் பாரம் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே சாமான்களை இடம் மாற்றியே தீர வேண்டும். மொத்த எடை ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதைத் தாண்டக் கூடாது. ஆட்களும் தண்ணீரும் அதில் சேர்த்தி.

ஏற்றுவதற்குச் சமமான, கெட்டியான தரை வேண்டும். வண்டியின் பின்கதவைக் கழற்றிவிட்டுத் தளத்தில் ரப்பர் விரிப்பைப் போடுங்கள். இல்லாவிட்டால் இரும்பின்மேல் கூண்டு வழுக்கும். கூண்டைத் தாங்கும் நான்கு மூலை ஜாக்கிகளுக்கும் அடியில் பலகை வைத்து, கூண்டின் முன்பக்கம் சற்று உயர்ந்தே இருக்கும்படி மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். பிறகு வண்டியைக் கூண்டுக்கு அடியில் ஊர்ந்தபடி பின்னால் எடுக்க வேண்டும். என் மைத்துனன் தளத்தின் இருபுறமும் சக்கரத்துக்கு மேலே புடைத்திருக்கும் சக்கர மேட்டுக்கும் கூண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியையே பார்த்துக்கொண்டு நிற்பான். இரண்டு விரற்கடைக்குக் குறைந்தால் “நிறுத்துங்கள் மாமா” என்பான். முன்னால் எடுத்து மறுபடியும் வருவேன். ஒருமுறை அவசரப்பட்டு ஜாக்கிக் கால் ஒன்றை வளைத்திருக்கிறேன். கூண்டு ஜாக்கியில் நிற்கும்போது யாரும் உள்ளேயோ அடியிலோ போகவே கூடாது, குழந்தைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள்.

இறக்கி உட்கார்த்தியதும் நான்கு மூலைகளையும் வண்டியின் சட்டத்தோடு இழுத்துக் கட்டுங்கள். ஓடத் தொடங்கியதும் கூண்டு இன்னும் கொஞ்சம் படியும், கட்டு தளரும். அதனால் அடிவாரத்தில் நிறுத்தி ஒருமுறை முறுக்கிவிட்டுத்தான் நான் மலை ஏறுகிறேன்.