அயோடினை வெறும் தண்ணீரில் நீர்க்காதீர்கள்

கேள்வி: எம்.எஸ்சி. திட்டப்பணிக்காகச் சமையல் உப்பிலுள்ள அயோடினை நிறமாலைமானியில் அளக்க முயல்கிறேன். ஸ்டாண்டர்டுக்காக (செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்), தரம்பார்த்தலுக்கு (டைட்ரேஷன்) வைத்திருக்கும் 0.1 நார்மல் அயோடின் கரைசலைக் காய்ச்சி வடித்த நீர் விட்டு 2,500 மடங்கு நீர்த்தேன். 352 நானோமீட்டரில் உட்கவர்வு (கரைசல் ஒளியை விழுங்கும் அளவு) 0.5 வர வேண்டும், கருவி 0.03 காட்டுகிறது. விளக்கு போய்விட்டதா?

பதில்: விளக்கின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் கணக்கும் சரி, கருவி காட்டுவதும் சரி. இடையில் நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான் வேலையைக் கெடுத்திருக்கிறது.

352இல் ஒளியை விழுங்குவது அயோடின் அல்ல. அயோடினும் அயோடைடும் சேர்ந்து உண்டாகும் மூவயோடைடு அயனி. அதன் மோலார் உட்கவர்வு எண், அதாவது ஒளியை விழுங்கும் வலிமை, அங்கே சுமார் 26,400. 288இல் இன்னும் உயரமான முகடு ஒன்று உண்டு. தனி அயோடினுக்கு நீரில் முகடு 460 பக்கம். அங்கே எண் வெறும் 750 அளவு. அதாவது, மூவயோடைடு உடைந்தால் உங்கள் சமிக்ஞை இடம் மாறுவதோடு 35 மடங்கு மெலிந்தும் போகிறது.

உடைவது ஏன்? இது ஒரு சமநிலை: அயோடினும் அயோடைடும் சேர்வதும் மூவயோடைடு உடைவதும் சேர்ந்தே நடக்கும், அயோடைடு குறைந்தால் உடைவது மிகும். மாறிலி 25 டிகிரியில் ஏறத்தாழ 700. அயோடைடு 0.1 மோலார் இருந்தால், தனி அயோடின் ஒன்றுக்கு மூவயோடைடு 70. கிட்டத்தட்ட எல்லாமே கட்டுண்டிருக்கிறது. புட்டியில் லிட்டருக்கு 40 கிராம் பொட்டாசியம் அயோடைடு போட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2,500 மடங்கு நீர்த்தால் அயோடைடு 0.0001 மோலாருக்கும் கீழே இறங்குகிறது. அப்போது அயோடினில் 6 சதவீதம்தான் மூவயோடைடாக எஞ்சும். 0.5இல் 6 சதவீதம் என்ன? உங்கள் 0.03!

எனவே நீர்ப்பதற்குத் தண்ணீரை எடுக்காமல் 0.1 மோலார் பொட்டாசியம் அயோடைடு கரைசலை எடுங்கள். பிளாங்கும் (கருவியைப் பூஜ்ஜியமாக்கும் வெற்றுக் கரைசல்) அதுவே. பீர்-லாம்பர்ட் கோடு (செறிவுக்கு எதிரே உட்கவர்வு) நேராக வரும். அயோடைடு கரைசலை அன்றன்று தயாரியுங்கள். லேசாக மஞ்சள் தட்டியிருந்தாலும் கொட்டிவிடுங்கள். காற்றும் வெளிச்சமும் அதிலிருந்து அயோடினை விடுவித்துவிட்டன என்று பொருள். லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் அயோடின் போதும், பிளாங்கில் 0.026 ஏறிவிடும்.

கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சிறு கலமான கியூவெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 288இல் பார்க்க குவார்ட்ஸ் வேண்டும். 352க்கு நல்ல கண்ணாடி தாக்குப்பிடிக்கும். பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம்: அயோடின் அதன் சுவருக்குள் ஊறி மஞ்சளாகப் படிந்துவிடும், அளவும் கண்ணெதிரே இறங்கும். அயோடின் ஆவியாகிப் போகும் என்பதால் மூடி அவசியம்.

இனி உப்பு. நம் நாட்டு உப்பில் பெரும்பாலும் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். அதை நேராக அளக்க முயல வேண்டாம். அது ஒளியை உட்கவர்வது புற ஊதாவின் அடிக்கோடியில் (மிகக் குறைந்த அலைநீளத்தில்), அங்கே இடைஞ்சல்தான் அதிகம். அமிலமும் மிகுதியான அயோடைடும் சேர்த்தால் ஒரு அயோடேட் மூன்று அயோடின் மூலக்கூறுகளைத் தரும். இந்த மும்மடங்குப் பெருக்கம் உங்களுக்கு லாபம். கடையில் விற்கும் உப்பில் அயோடின் குறைந்தது 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) இருக்க வேண்டும். அப்படிப்பட்ட உப்பு 10 கிராமை 100 மில்லிலிட்டராக்கினால், இறுதிக் கரைசலில் அயோடைடு 0.1 மோலார் இருக்கும்போது, 352இல் சுமார் 0.9 வரும். உப்பு அதற்கு மேல் அயோடின் கொண்டதென்றால் எடையைப் பாதியாக்குங்கள்.

ஸ்டாண்டர்டுகளையும் அயோடின் புட்டியை விட்டு, அயோடேட்டிலிருந்தே தயாரியுங்கள். அயோடேட் உலர்ந்த திண்மம், எடை போட்டதை நம்பலாம். அயோடின் புட்டியோ திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் இழக்கும். ஸ்டாண்டர்டிலும் பிளாங்கிலும் அயோடின் சேராத தூய சோடியம் குளோரைடை அதே அளவு போடுங்கள். குளோரைடும் அயோடினோடு லேசாக ஒட்டிக்கொள்ளும்.

அமிலம் ஊற்றியபின் அடுத்த மேசைக்குப் பேசப் போய்விடாதீர்கள். அமிலத்தில் அயோடைடைக் காற்று வேகமாக ஆக்சிஜனேற்றும். எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும். எல்லா மாதிரிகளையும் அமிலம் சேர்த்த அதே நிமிடக் கணக்கில் படியுங்கள், பிளாங்கையும் அதே நேரத்தில் புதிதாகக் கலந்து.