டுரியான் பிடிக்காத கயல்

அன்புள்ள அக்கா,

உங்கள் குறுநாவலை நானும் என் தோழியும் ஒரே நாளில் படித்து முடித்தோம். டுரியான் வாசனையே ஆகாத கயல், டுரியான் கடைக்காரர் மகன் தினேஷுக்காக நடிப்பதைப் படித்துச் சிரித்தோம். ஆனால் அப்புறம் எங்களுக்குள் சண்டை. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பது என் கட்சி. உண்மையான காதல் என்றால் டுரியானைப் பழகிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. யார் சரி? கடைசியாக ஒன்று: நீங்கள் டுரியான் சாப்பிடுவீர்களா?

ர., படிவம் 6, பட்டர்வொர்த்

அன்புள்ள ர.,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

முதல் நாளே சொல்லியிருந்தால் கதை நாலு பக்கத்தில் முடிந்திருக்கும், எனக்குத்தான் நஷ்டம். அது கிடக்கட்டும். அந்த முதல் காட்சியை இன்னொரு தடவை படித்துப் பார். பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் சாலையோரக் கடையில் தினேஷ் "டுரியான் பிடிக்குமா?" என்று கேட்கவில்லை. "உனக்கும் பிடிக்கும்தானே?" என்கிறான். அந்தத் 'தானே'யில்தான் கயல் விழுகிறாள். அவள் தலையாட்டியது பையனுக்கு, பழத்துக்கு இல்லை. பதினேழு வயதில் அந்த வித்தியாசம் யாருக்குத் தெரிகிறது?

எனக்குத் தெரியவில்லை. தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே கார்களையும் ஏற்றிக்கொண்டு போகும் பழைய ஃபெர்ரி ஓடிய காலம் அது (2020 இறுதியோடு நின்றுபோனது). எப்போதும் ஆங்கில நாவலும் கையுமாக இருக்கும் ஒருவனுக்காக நானும் தலையணை கனத்தில் ஒரு நாவலை மடியில் விரித்துக்கொண்டு பட்டர்வொர்த்துக்கு டியூஷன் போவேன். இரண்டு மாதத்தில் பதினோராவது பக்கத்தைத் தாண்டவில்லை. ஒருநாள் அவனே கேட்டான்: "அந்தப் பக்கத்துல அப்படி என்னதான் லா இருக்கு?" அப்படியே கடலில் குதித்திருப்பேன். ஜெல்லி மீன் பயத்தில் குதிக்கவில்லை.

உன் தோழிக்கும் ஒரு வார்த்தை. கயல் பழகிப் பார்க்காமலா இருந்தாள்? ஆங் ஹே ரக டுரியான் சுளையை மெல்லாமல் மாத்திரை மாதிரி விழுங்கி, பின்னாலேயே மங்குஸ்தீனை அனுப்பி வைக்கிறாள். பழ ஓட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவுகிறாள். அப்படியும் 401 பஸ்ஸில் வளைவுக்கு வளைவு விரலை மோந்து பார்த்துக் கண் கலங்குகிறாள், பாவம். நாக்கு பழகும்தான், இல்லை என்று சொல்லவில்லை. சின்ன வயதில் எனக்கு வாடையடிக்கும் பெத்தாய்க் கொட்டை ஆகாது, இன்று சம்பலோடு ஒரு தட்டு காலியாகும். ஆனால் அது யாருக்காகவும் இல்லை, சம்பலுக்காக.

நீங்கள் இருவருமே ஏழாம் அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ராத்திரி மரத்திலிருந்து வலையில் விழுந்த பழங்களில் முதல் தரமானதை விற்காமல், அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, தினேஷ் எடுத்து வைக்கிறான். யாருக்கு? டுரியான் என்றால் உயிரை விடும் ஒருத்திக்கு. அவள் கயல் பெயரில் உலவுகிறாள், கயல் சட்டையைப் போட்டிருக்கிறாள், தினேஷ் மனசு முழுக்க அவள்தான். கயல் அவள்மேல் பொறாமைப்படுகிறாள். பழத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுவது வாடைக்காக இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த ஒரு காட்சிக்காகத்தான் மொத்தக் கதையையும் எழுதினேன். வாய் தவறிய பக்கத்து வீட்டு ஆண்ட்டி, குட்டு உடைந்ததும் தினேஷ் சிரிக்கும் சிரிப்பு எல்லாம் பிறகு தானாக வந்தவை.

சரி, கடைசிக் கேள்வி. சாப்பிடுவேன். ஹோர் லோர் ரக டுரியான் கிடைத்தால் பங்கு கேட்பவர்களிடம் சண்டையே போடுவேன். கயலுக்காக என் தங்கையைத்தான் பிடித்தேன், அவளுக்கு அந்த வாடை வந்தாலே தலைவலி. எப்படி நாறுகிறது என்று கேட்டேன். அரை மணி நேரம் பழத்தையும் என்னையும் சேர்த்துத் திட்டினாள். ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டேன்.

அன்புடன்,
அக்கா