களவா அத்தனையும் பெட்டையா?

கூண்டில் விட்ட 15 ஆரஞ்சுப் புள்ளிக் களவா மீனும், 40 செ.மீ. தாண்டாதவை, முட்டையோடு இருக்கின்றன, ஓர் ஆண்கூட இல்லை, குஞ்சு விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் மேல் தப்பில்லை சார். இந்தக் களவா முதலில் பெட்டையாகத்தான் முதிரும். இரண்டு மூன்று வயதில், 25–30 செ.மீ. இருக்கும்போதே சினை பிடிக்கும். 55–75 செ.மீ. வளர்கையில்தான் ஆணாக மாறும். கடலடிப் பாறைப் பாரில் பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்தால் ஆண் அருகிப்போவதும் இதனால்தான்.

அவசரமென்றால் பெரிய ஆண் ஒன்றை வாங்கிச் சேருங்கள். ஆண் ஹார்மோன் கொடுத்து மாற்றும் வழியும் உண்டு, ஆனால் அதை நீங்களாகச் செய்யாதீர்கள், மண்டபத்தில் உள்ள சி.எம்.எஃப்.ஆர்.ஐ. (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்) மையத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

உண்மையில் ஆண் கிடைப்பதைவிடக் குஞ்சு பிழைப்பதுதான் பெரும்பாடு. பொரித்த குஞ்சுக்கு வாய் ஊசிமுனைதான். மீன்குஞ்சுக்குத் தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா என்ற பொடி உயிரியைக்கூட முதலில் விழுங்காது. முதுகில் ஒன்று, வயிற்றில் இரண்டு என உடம்புக்குப் பொருந்தாத நீள முள் வேறு. கடலில் சில வாரம் மிதந்துவிட்டு, கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டிலும் ஒதுங்கி வளரும்.

அப்புறம், அளவு பிரித்து விடாவிட்டால் பெரிய குஞ்சு சின்னதை முழுசாக விழுங்கும். வாயில் வால் துருத்திக்கொண்டு செத்துக் கிடந்த குஞ்சை நானே எடுத்துப் போட்டிருக்கிறேன்.