கீரையைக் கொடுங்கள், கீரைத் தண்ணீரை அல்ல!

குழந்தை உணவு பற்றி வந்த கடிதங்களில் கீரையைப் பற்றிக் கேட்டவைதான் அதிகம். குழந்தைகள் வார்டில் உணவு ஆலோசகராக இருந்த காலத்திலும் தாய்மார்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது இதைப் பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

என் மகளுக்கு ஆறு மாதம் முடியப்போகிறது. கீரையை எப்போது ஆரம்பிக்கலாம்? கீரையை வேகவைத்து, வடிகட்டிய தண்ணீரை மட்டும்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

ஆறு மாதம் முடியட்டும். தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். பிடித்து உட்காரவைத்தால் உட்கார வேண்டும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் குறைந்திருக்க வேண்டும். இவை வந்துவிட்டால் திட உணவு தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே கீரையையும் சேர்க்கலாம். பழம், காய் எல்லாம் பழகிய பிறகுதான் கீரை என்று வரிசை எதுவும் கிடையாது.

கீரைத் தண்ணீர் வேண்டாம். உங்கள் மாமியாரின் கவலை எனக்குப் புரிகிறது, இலை தொண்டையில் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் அது. நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு வழி நன்றாக மசிப்பது. இலையைத் தூக்கிப்போடுவது அல்ல. குழந்தைக்கு வேண்டிய, உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் தண்ணீரில் கரையாது, இலையோடு இலையாகவே தங்கிவிடும். நார்ச்சத்தும் அப்படித்தான். தண்ணீரில் இறங்குவது கொஞ்சம் வைட்டமின் சி, கொஞ்சம் ஃபோலேட் என்ற பி வைட்டமின், கூடவே நைட்ரேட்டும் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்), கால்சியம் உடம்பில் சேர்வதைத் தடுக்கும் ஆக்ஸலேட்டும். அந்தச் சின்ன வயிற்றில் இருக்கும் இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால் தாய்ப்பால் குடிக்கும் அளவும் குறைந்துபோகும்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் ஆய்வது. பெரியவர்களுக்கு ஆய்வது போல ஆயக் கூடாது. தண்டு வேண்டாம், காம்பு வேண்டாம், முற்றிய இலையின் நடு நரம்பையும் கிள்ளி எடுத்துவிடுங்கள். நார் போவது ஒரு காரணம். இலையைவிடக் காம்பில்தான் நைட்ரேட் அதிகம் என்பது இன்னொரு காரணம். மஞ்சள் பூத்த இலை, ஓட்டை விழுந்த இலை, கறுத்த நுனி எல்லாம் ஒதுக்கிவிடுங்கள். ஒரு கைப்பிடி இளம் இலை மிஞ்சினால் போதும்.

அடுத்து கழுவுவது. அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு இலையை அலசுங்கள். பிறகு இலையைக் கையால் மேலே அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலை மேலேயே விழும். பாத்திரத்தின் அடியில் மணல் தெரியாத வரைக்கும் தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். கடைசியில் ஓடும் தண்ணீரில் ஒருமுறை காட்டுங்கள். சோப்பு, கழுவும் திரவம் எதுவும் வேண்டாம். கழுவிய பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும்.

பாலக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட் இலை மூன்றிலும் ஆக்ஸலேட்டும் நைட்ரேட்டும் கூடுதல். இவற்றைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முருங்கைக்கீரை போன்றவற்றுக்கு அது தேவையில்லை. கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, தண்ணீர் வற்றும்போது இலையும் வெந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முருங்கை வேகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், விரலால் நசுக்கினால் குழைய வேண்டும்.

மூடி போட்டு வேகவைத்தால் கீரை பழுப்பாகிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இலையில் இருக்கும் புளிப்பு அமிலம் ஆவியாகப் போக வழியில்லாமல் பச்சையத்தைத் தாக்குவதால் அப்படி ஆகிறது. திறந்து வைத்தால் பச்சை நிற்கும். பழுப்பானாலும் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் நிறத்துக்காகச் சமையல் சோடா போடாதீர்கள். வைட்டமின் சி-யும் தயமினும் (வைட்டமின் பி1) அழிந்துவிடும்.

வெந்ததும் மத்தால் கடையலாம், மிக்ஸியில் ஒரு சுற்று அரைக்கலாம். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். இழை எதுவும் தட்டுப்படக் கூடாது. முதல் நாள் இந்த மசியல் ஒரு டீஸ்பூன் போதும். குழந்தைக்கு ஏற்கெனவே பழகிய குழைந்த சோற்றிலோ, உருளைக்கிழங்கிலோ, பருப்பிலோ கலந்து கொடுங்கள். உப்பு, சர்க்கரை வேண்டாம். ஒரு வயது வரை தேன் அறவே கூடாது. சில துளி நெய்யோ எண்ணெயோ அவசியம் சேருங்கள், கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். ஒரு கீரை பழகச் சில நாள் கொடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். புதியதைப் பகல் நேரத்தில் கொடுத்தால், தடிப்போ வாந்தியோ வந்தால் உடனே கவனிக்க முடியும்.

வேலைக்குப் போகிறேன். காலையிலேயே கீரை மசித்து வைத்துவிட்டுப் போனால் மாலையில் சூடு பண்ணிக் கொடுக்கலாமா? மீந்த கீரையைச் சூடு பண்ணினால் விஷமாகிவிடும் என்கிறார்களே?

சூடு பண்ணுவதால் எதுவும் விஷமாவதில்லை. கேடு நடப்பது அதற்கு முன்னால், பாத்திரம் மேடை மேல் சும்மா இருக்கும் அந்த நேரத்தில். இதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று நீட்டிச் சொல்கிறேன்.

கீரை மண்ணிலிருந்து நைட்ரேட்டை எடுத்துச் சேமித்து வைக்கிறது. அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது. வெந்த கீரை வெளியில் இருக்கும்போது பாக்டீரியா பெருகி அந்த நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இந்த நைட்ரைட் ரத்தத்துக்குள் போனால் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பின் நிலையையே மாற்றிவிடும். மெத்தீமோகுளோபின் என்பார்கள். அதனால் ஆக்சிஜனைச் சுமந்து செல்ல முடியாது. அளவு கூடினால் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாயும். மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அந்த வயதில் வயிற்றில் அமிலம் குறைவு, கெட்டுப்போன ஹீமோகுளோபினைத் திரும்பச் சரிசெய்யும் என்சைமும் குறைவு. ஆறு மாதத்துக்கு முன்னால் கீரை வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். அதன் பிறகு ஆபத்து குறைகிறது, ஆனால் காலையில் செய்த மசியல் மாலை வரை வெளியில் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. நைட்ரைட் ஒருமுறை உண்டாகிவிட்டால் சூடு பண்ணி அதைப் போக்க முடியாது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்குப் பாலக்கீரை ஒரு நாளில் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம், பாக்டீரியா தொற்றால் வயிறு கெட்டிருக்கும் குழந்தைக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம் என்பது அதன் சாரம். வயிற்றுப்போக்கு இருக்கும்போது கீரையை நிறுத்திவையுங்கள்.

சரி, வேலைக்குப் போகும் அம்மா என்ன செய்வது? விடுமுறை நாளில் மசித்து, உடனே ஆறவைத்து, சுத்தமான ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு குழியில் ஏறக்குறைய ஒரு மேஜைக்கரண்டி பிடிக்கும். உறைந்ததும் கட்டிகளை மூடிய டப்பாவில் போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு கட்டியை எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் மட்டும் வைப்பதானால் ஆறியதும் உள்ளே போக வேண்டும், ஒரு நாளுக்குள் முடிய வேண்டும். குழந்தை சாப்பிட்ட கிண்ணத்தில் மீந்தது கொட்ட வேண்டியதுதான். கரண்டி வழியாக எச்சில் கலந்துவிட்டது.

எப்போதாவது உதடு நீலமானால், சோர்ந்து துவண்டால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எட்டு மாதப் பையனுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் இரும்புச் சத்துச் சொட்டு மருந்து எழுதியிருக்கிறார். பல் கறுத்துவிடும் என்கிறார்கள். மருந்தை நிறுத்திவிட்டுத் தினமும் கீரை கொடுத்தால் சரியாகிவிடாதா?

நிறுத்தாதீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசுவேன்.

குழந்தை பிறக்கும்போது ஓர் இரும்புச் சேமிப்போடு வருகிறது. அதில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் சேர்வது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதுவும் குறைவு. ஏறக்குறைய ஆறு மாதத்தில் அது கரைந்துவிடுகிறது. அதன் பிறகு தேவை எவ்வளவு தெரியுமா? 7 முதல் 12 மாதம் வரை நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. நூறு கிராம் பாலக்கீரையில் இருப்பதோ 2.7 மில்லிகிராம் அளவு. உங்கள் பையன் சாப்பிடும் ஒரு மேஜைக்கரண்டியில் அரை மில்லிகிராம் இருந்தால் அதிகம். அதிலும் உடம்பில் சேர்வது சிறு பங்குதான். இந்தக் கணக்கு எங்கே, அந்தத் தேவை எங்கே!

கீரையும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும். கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி உதவும். மசியலை இறக்கிய பிறகு சில துளி எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், அல்லது நன்கு வெந்த தக்காளியைத் தோலும் விதையும் நீக்கி மசித்துச் சேருங்கள். அந்த வேளையில் பசும்பால் சேர்க்காதீர்கள். அசைவம் சாப்பிடும் வீடாக இருந்தால் நன்றாக வேகவைத்து அரைத்த இறைச்சி, மீன், முட்டை கொடுக்கலாம்; இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு எளிதில் சேரும், உடன் சாப்பிடும் கீரையின் இரும்பையும் சேரவைக்கும். சைவ வீட்டில் பருப்பை மறக்காதீர்கள்.

பல்லில் வரும் கறை மேற்கறைதான், போய்விடும். சொட்டு மருந்தை நாக்கின் பின்பகுதியில் விட்டு, பிறகு ஈரத்துணியால் பல்லைத் துடைத்துவிடுங்கள். மலம் கறுப்பாகப் போவதும் மருந்தால்தான்.

ஏழு மாதக் குழந்தை. கீரை வாயில் பட்டாலே முகத்தைச் சுளித்துத் துப்புகிறாள். பிடிக்கவில்லை என்று விட்டுவிடவா?

விட்டுவிடாதீர்கள், திணிக்கவும் செய்யாதீர்கள். கசப்பைக் கண்டு முகம் சுளிப்பது எல்லாக் குழந்தைகளுக்கும் பிறவியிலேயே உள்ளது. முகச் சுளிப்பை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று முறையோடு கைவிடுகிறோம். ஒரு புதிய உணவை எட்டு பத்து முறையாவது வேறுவேறு நாளில் கொடுத்துப் பார்க்க வேண்டும். சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். ஒவ்வொரு முறையும் அரை டீஸ்பூன் போதும். நக்கிப் பார்த்தாலும் அது ஒரு முறைதான்.

என் பேத்தி கீரைக் கரண்டியைக் கண்டாலே தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். என் மருமகள் ஒருநாளும் துரத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அதே மசியலைத் தன் தட்டில் போட்டுத் தான் சாப்பிட்டாள். சில நாளில் குழந்தை தாயின் தட்டை நோக்கிக் கை நீட்டியது. வார்டிலும் இதைப் பார்த்திருக்கிறேன்: கூட உட்கார்ந்து யாராவது சாப்பிட்டால் குழந்தைக்கு அந்த உணவு மேல் நம்பிக்கை வருகிறது. மூக்கைப் பிடித்து ஊட்டுவது, அழும்போது திறந்த வாயில் கரண்டியை நுழைப்பது இரண்டும் ஆபத்து. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

தாய்ப்பால் கொடுப்பவராக இருந்தால் நீங்களும் கீரை சாப்பிடுங்கள். தாய் சாப்பிடுவதன் சுவை பாலிலும் வருகிறது, குழந்தைக்கு அது முன்பழக்கம்.

இன்னொன்று, எல்லாவற்றையும் இனிப்புப் பழத்தில் ஒளித்துக் கொடுக்காதீர்கள். இனிப்பு மட்டும்தான் அவளுக்குப் பழகும். கீரையின் சுவை நாக்குக்குத் தெரியட்டும்.

கீரை கொடுத்த மறுநாள் பச்சையாக மலம் போகிறது. உள்ளங்கையும் மூக்கு நுனியும் லேசாக மஞ்சளாகத் தெரிகிறது. மஞ்சள் காமாலையோ என்று பயமாக இருக்கிறது.

பச்சை மலம் பச்சையத்தால் வருவது, கவலை வேண்டாம். மஞ்சளுக்குக் கண்ணைப் பாருங்கள். வெள்ளை விழி வெள்ளையாகவே இருந்து, கை, கால், மூக்கு மட்டும் மஞ்சளாக இருந்தால் கரோட்டின் கூடியதால் இருக்கலாம். கேரட்டும் பூசணியும் சேர்த்துத் தினமும் கொடுக்கிறீர்களா? சில வாரம் குறைத்தால் மெல்ல மறைந்துவிடும். விழியும் மஞ்சளாக இருந்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, மலம் வெளுத்திருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பத்து மாதமாகிறது. இன்னும் மிக்ஸியில்தான் அரைத்துக் கொடுக்கிறேன். எப்போது நிறுத்துவது?

இப்போதே. எட்டு மாதத்திலேயே கரண்டியால் மசித்த பதத்துக்கு வந்திருக்கலாம். இன்று பாதி அரைத்ததும் பாதி மசித்ததுமாகக் கலந்து தொடங்குங்கள், பிறகு பொடியாக நறுக்கி வேகவைத்ததற்குப் போகலாம். ஒரு வயதில் வீட்டில் எல்லோரும் சாப்பிடும் கீரையையே, உப்பும் காரமும் போடுமுன் தனியே எடுத்துக் கொடுக்கலாம். முழு இலையாக மட்டும் போடாதீர்கள், ஈரமான இலை அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். புதுப் பதத்துக்கு வரும்போது சில முறை குமட்டும், சத்தத்தோடு தானே வெளியே தள்ளும். அது இயல்பு. சத்தமே இல்லாமல் திணறினால்தான் அடைப்பு. அதனால் சாப்பிடும் நேரம் முழுவதும் குழந்தையை நேராக உட்காரவைத்து, யாராவது ஒருவர் எதிரில் இருங்கள்.