ஆற்றுக்குக் கூட்டிப் போங்கள், காய்ச்சல் வந்தால் வெயில் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. இந்த 2021 ஜூன் கடைசி வாரத்தில் என் கணவருக்கும் மாமியாருக்கும் கொரோனா வந்தது. வீட்டிலேயே குணமாகிவிட்டார்கள். மாமியார் அதற்கு முன்பே முதல் ஊசி போட்டவர். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை, அதனால் சோதனை செய்யவில்லை. இப்போது ஊரடங்கு தளர்ந்துவிட்டதால் ஆடிப் பதினெட்டுக்கு நாத்தனார் குடும்பம் சென்னையிலிருந்து வருகிறது. வேன் பிடித்து ஆற்றங்கரை, கல்லணை, பூம்புகார் எல்லாம் போய்வரலாம் என்கிறார்கள். மூன்றாம் அலை குழந்தைகளைத்தான் தாக்கும் என்று வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தினமும் ஜிங்க், வைட்டமின் சி, கபசுரக் குடிநீர் கொடுக்கிறேன். ஆவி பிடிக்க வைக்கிறேன். மூன்று வேளையும் ஆக்சிமீட்டர் பார்க்கிறேன். போகிற இடத்தில் காய்ச்சல் வந்தால் கொடுப்பதற்கு மெடிக்கலில் செட் மாத்திரையும் அசித்ரோமைசினும் வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். போன வாரம் மகனுக்கு ஒரு நாள் உடம்பு சுட்டது, தானாக விட்டுவிட்டது. வெளியில் போய்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னைத்தான் சொல்வார்கள். போகலாமா, வேண்டாமா?

பதில்: போங்கள். ஒன்றரை வருடமாகப் பள்ளிக்கூடம் இல்லாமல், செல்போனில் பாடம் கேட்டுக்கொண்டு, திண்ணையைத் தாண்டாமல் இருந்த பிள்ளைகள். அவர்களுக்கு இந்த ஆடியில் ஆறும் வெயிலும் அத்தை பிள்ளைகளும் வேண்டும். கொரோனா பரவுவது மூச்சுக் காற்றில். அடைத்த அறையில் அந்தக் காற்று தேங்கி நிற்கும், திறந்த வெளியில் நிற்காது. எனவே உங்கள் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது ஆற்றங்கரை அல்ல, கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு போகும் அந்த வேன்தான். ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள், பெரியவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஐந்து வயதுப் பெண்ணுக்கு முகக்கவசம் தேவையில்லை. மத்திய சுகாதாரத் துறையின் 2021 ஜூன் மாத வழிகாட்டுதலே அப்படித்தான் சொன்னது. சென்னையிலிருந்து வருகிறவர்களில் யாருக்காவது சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் அவர்கள் இந்த முறை கிளம்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள், மருத்துவர் சொன்னார் என்று என் மேல் போடுங்கள்.

மூன்றாம் அலை பற்றி. அது குழந்தைகளைத் தேடி வந்து தாக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று அப்போது டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரன்தீப் குலேரியா 2021 ஜூன் மாதமே சொல்லிவிட்டார். குழந்தைகள் நல மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கமும் அதே கருத்தைத்தான் சொன்னது. அந்த வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியவர் யாராக இருந்தாலும், அதைப் படித்துவிட்டு ஒரு தாய் இரவெல்லாம் விழித்திருக்கிறாள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. தயவுசெய்து அதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அந்தச் செய்தியில் இல்லாத ஒரு விவரம் உங்களுக்குத் தெரிய வேண்டும். 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுவதும் ரத்த மாதிரி எடுத்துப் பார்த்தது. ஜூலை 20 அன்று முடிவு வெளியானது. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கும், 10 முதல் 17 வயதுள்ளவர்களில் 61.6 சதவீதம் பேருக்கும் கொரோனாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஏற்கெனவே ரத்தத்தில் இருந்தது. அந்த வயதினருக்கு அப்போது தடுப்பூசியே வரவில்லை. ஆக, கிருமி அவர்கள் உடம்புக்குள் வந்து போயிருக்கிறது. பெற்றோர் பலருக்கு அது தெரியவே இல்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்பாவுக்கும் பாட்டிக்கும் வந்தபோது, அதே வீட்டில் அதே காற்றை மூச்சில் வாங்கிய பிள்ளைகளுக்கும் வந்து, ஒரு தும்மல் கூட இல்லாமல் போயிருக்கும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் இதுதான். நீங்கள் வரப்போகும் அலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஜூன் மாதத்தைப் பார்க்கிறேன்.

மிகச் சில பிள்ளைகளுக்கு, கொரோனா வந்து போன 2 முதல் 6 வாரத்துக்குள் ஒரு பின்விளைவு வருகிறது. மருத்துவர்கள் இதை எம்.ஐ.எஸ்.-சி என்கிறோம். கிருமி அப்போது பெரும்பாலும் உடம்பில் இருக்காது. அதை எதிர்க்கக் கிளம்பிய நம் எதிர்ப்பு சக்தியே அடங்காமல் ரத்தக் குழாய், குடல், இதயம் என்று பல இடங்களில் அழற்சியை உண்டாக்கிவிடும். முதலில் லேசாக வந்த பிள்ளைக்கும் வரலாம், வந்ததே தெரியாத பிள்ளைக்கும் வரலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளிடம்தான் அதிகம் பார்க்கிறோம். உங்கள் வீட்டுக் கணக்குப்படி அந்தக் காலம் ஆகஸ்ட் பாதி வரை ஓடுகிறது. ஆடிப் பதினெட்டு, அதாவது ஆகஸ்ட் 3, அதற்கு நடுவில் வருகிறது.

அறிகுறி இதுதான்: விடாத காய்ச்சல், கூடவே வயிற்று வலி, வாந்தி, பேதி, கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, உதடும் நாக்கும் சிவந்து போவது இவற்றில் ஒன்றோ இரண்டோ. இதில் எது வந்தாலும் நம் ஊரில் அதற்கு ஒரு காரணம் தயாராக இருக்கும் என்பதுதான் என்னுடைய உண்மையான பயம். சுற்றுலா போய்வந்த வீட்டில் கேட்கவே வேண்டாம். காய்ச்சலா? வெயிலில் ஆடியது. வயிற்று வலியா? கட்டுச்சோறு ஒத்துக்கொள்ளவில்லை. கண் சிவந்திருக்கிறதா? ஆற்றுத் தண்ணீர் பட்டது, இல்லையென்றால் மெட்ராஸ் ஐ. உடம்பில் தடிப்பா? ஆடி மாதம், அம்மை போட்டிருக்கிறது, வேப்பிலை கட்டு, மாத்திரை கொடுக்காதே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாதே. இப்படி ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிச் சொல்லியே நான்கு நாள் போய்விடும். ஐந்தாம் நாள் கை கால் சில்லிட்டு, துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். அந்த நிலையில் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், இதயம் சோர்ந்திருக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் சிகிச்சை எவ்வளவோ எளிது. உரிய நேரத்தில் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகவே குணமாகிறார்கள்.

ஆகையால் ஆகஸ்ட் பாதி வரைக்கும் உங்கள் வீட்டுக்கு ஒரு கணக்கு. காய்ச்சல் மட்டும் என்றால், மூன்றாம் நாளும் தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலோடு கண் சிவப்போ, தடிப்போ, வயிற்று வலியோ, வாந்தியோ சேர்ந்தால் மூன்று நாள் எண்ண வேண்டாம், அன்றே போங்கள். துவண்டு போனால், கை கால் சில்லிட்டால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால் 108ஐக் கூப்பிடுங்கள், இரவு எத்தனை மணியானாலும் சரி. போனதும் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: “ஜூன் கடைசியில் எங்கள் வீட்டில் கொரோனா இருந்தது.” இது தெரியாவிட்டால் டாக்டரின் எண்ணமே டைபாய்டு, குடல்வால் என்று வேறு பக்கம் போய்விடும். அப்போது எடுக்கும் சளிப் பரிசோதனை நெகட்டிவ் என்று வரலாம், அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்த அணுக்கள், இதய எக்கோ என்று பார்க்க வேண்டியிருக்கும். தஞ்சாவூரில் இராசா மிராசுதார் மருத்துவமனைக்குப் போனால் குழந்தைகள் பிரிவு இருக்கிறது.

போன வாரம் ஒரு நாள் சுட்டது, தானாக விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மகன் இப்போது நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிறான் என்றால் அது எம்.ஐ.எஸ்.-சி அல்ல, அதை விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தப் பை. அதிலிருந்து செட் மாத்திரையை இன்றே எடுத்து எறியுங்கள். பெயர் இல்லாத, அட்டையிலிருந்து வெட்டி காகிதத்தில் மடித்துக் கொடுத்த நான்கைந்து மாத்திரை ஒரு ஒன்பது வயதுப் பிள்ளைக்கா? இப்படிப்பட்ட பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்து, உள்ளே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கொடுத்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை எழுந்து விளையாடும், கைராசிக்கார மெடிக்கல் என்று பெயர் வரும். ஆனால் நான் மேலே சொன்ன நோயாக இருந்தால், காய்ச்சல் மட்டும் மறைந்து நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். ஸ்டீராய்டு அந்த நோய்க்குச் சிகிச்சையும்தான், மறுக்கவில்லை. அதை எப்போது ஆரம்பிப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்படிக் குறைப்பது என்பதெல்லாம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் வைத்து, இதயத்தைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்கிற விஷயம். அசித்ரோமைசின் கிருமி மருந்து, காய்ச்சல் மருந்து அல்ல. அதையும் எடுத்துவிடுங்கள்.

பையில் இருக்க வேண்டியது பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒரு தெர்மாமீட்டர். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். காய்ச்சலுக்குக் கொடுக்கும் மெஃபனமிக் ஆசிட் சிரப் வேண்டாம். காய்ச்சல் டெங்குவாக இருந்துவிட்டால் ரத்தக் கசிவுக்கு வழி வைக்கும். வயல், புதர்ப் பக்கம் விளையாடி வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சல். டாக்டரிடம் காட்டினால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஜிங்க்கை நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் தினமும் கொடுத்தால் குமட்டலும் வயிற்று வலியும் அதுவே தரும், பிறகு எந்த வயிற்று வலி எதனால் என்று நானும் குழம்ப வேண்டும். வைட்டமின் சி-க்கு நெல்லிக்காயும் கொய்யாவும் போதும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாள்தோறும் கபசுரக் குடிநீர் தேவையில்லை. ஆவி பிடிப்பது கட்டாயம் வேண்டாம், கொதிநீர் கவிழ்ந்து தொடை வெந்து வரும் பிள்ளைகளை இந்த வருடம் பார்த்துச் சலித்துவிட்டேன். ஆக்சிமீட்டரைப் பீரோவில் வையுங்கள். அது பெரியவர் விரலுக்குச் செய்தது. சின்ன விரலில் சரியாக உட்காராமல், பிள்ளை கையை ஆட்டும்போது 88 என்று காட்டும், உங்கள் உயிர் போய் உயிர் வரும்.

ஆற்றைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து, 16 அன்று கல்லணையும் திறந்தாகிவிட்டது. குடமுருட்டி, வெண்ணாறு, அரசலாறு எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடுகிறது. மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே பார்த்தால் தெரியாது, முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியில் ஆள் ஆழம் இருக்கும். உங்கள் சென்னைப் பிள்ளைகள் இரண்டு கோடையாகத் தண்ணீரில் கால் வைக்காதவர்கள். முழுகுகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது, சத்தமில்லாமல் போய்விடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில், செல்போன் இல்லாமல். யாராவது இழுக்கப்பட்டால் நீச்சல் தெரியாதவர் பின்னால் குதிக்காதீர்கள், புடவையோ வேட்டியோ வீசுங்கள். தூக்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சை அழுத்துங்கள், கூடவே ஒருவர் 108ஐக் கூப்பிடட்டும். கல்லணை மதகுக்குக் கீழேயும் பூம்புகார் கடலிலும் பார்ப்பதோடு சரி, இறங்க வேண்டாம்.

ஆடிப் பதினெட்டு அன்று கல்லணைக்குப் போகாதீர்கள், அங்கே கூட்டம் தாங்காது. அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்கள் ஊர்ப் படித்துறைக்கே விடிந்ததும் போய், காப்பரிசி, காதோலை கருகமணி வைத்துப் படைத்துவிட்டு, கூட்டம் சேருவதற்குள் கிளம்பி எங்காவது மரத்தடியில் சித்ரான்னத்தைப் பிரியுங்கள். ஆற்றில் இறங்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் சொன்னால் வீட்டுக் குழாயடியிலேயே படையுங்கள். பிள்ளைகள் தெருவில் சப்பரம் இழுக்க யாரும் தடை போட மாட்டார்கள்.

உங்கள் கணவர் இன்னும் சோர்வாக இருந்தால் அது இரண்டு மாதம் வரை கூட இருக்கும். நடக்கும்போது நெஞ்சு வலியோ புதிதாக மூச்சிரைப்போ வந்தால் மட்டும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாமியாருக்கு, 2021-இன் விதிப்படி, குணமாகி மூன்று மாதம் கழித்துத்தான் இரண்டாம் ஊசி, அதாவது அக்டோபர் தொடக்கத்தில்.