முழங்கைக்கு ஏது கிரீஸ்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்தாவது படிக்கும் மகளுக்கு ஆங்கில மரபுத்தொடர்கள் சொல்லிக்கொடுக்கிறேன். கைடில் ‘எல்போ கிரீஸ்’ என்றால் கடின உழைப்பு என்று போட்டிருக்கிறது. “தேர்வுக்காக எல்போ கிரீஸ் போட்டுப் படித்தாள்” என்று அவள் எழுதியது சரியா? தமிழில் இணையான தொடர் உண்டா?

செ., கோவில்பட்டி

அன்புள்ள செ.,

தப்பு. இணைத்தொடரை அப்புறம் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் ‘கடின உழைப்பு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடும் கைடுகள்மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. ராப்பகலாய்ப் படிப்பவருக்கு ஆங்கிலத்தில் ‘நள்ளிரவு எண்ணெய்’ (மிட்நைட் ஆயில், அதாவது இரவில் விளக்கெரித்துப் படிப்பது) தனியாக இருக்கிறது. 1635-லேயே ஆங்கிலக் கவிஞர் பிரான்சிஸ் குவார்ல்ஸ் ஒரு கவிதையில் நடுப்பகல் வியர்வையையும் நள்ளிரவு எண்ணெயையும் தனித்தனியாக வைத்துவிட்டார். எல்போ கிரீஸ், அதாவது முழங்கை கிரீஸ், வியர்வைக் கட்சி. தரை, பித்தளை, கறை என்று தேய்ப்பவரின் சொல். 1672-இல் இன்னொரு ஆங்கிலக் கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல் எழுதியதும் வெறும் மையும் முழங்கை கிரீஸுமாக மூலையில் நின்று அச்சடிக்கும் தடியர்களைப் பற்றித்தான். 1699-இல் வந்த கொச்சைமொழி அகராதி உடைத்தே சொல்கிறது: வியர்வைக்கு ஏளனப் பெயர். அந்த ஏளனத்தைத்தான் உங்கள் கைடு விழுங்கிவிட்டது. தன்னையே கிண்டலடித்துச் சொல்வதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் நிற்பவர் குனிந்திருப்பவரிடம் சொல்வது.

எனக்கும் சொன்னார்கள். லண்டனில் படித்தபோது மாலையில் ஓர் உணவகத்தில் பாத்திரம் தேய்த்தேன். இறைச்சி சுட்ட தட்டில் காந்தல் போகவில்லை. “கொஞ்சம் எல்போ கிரீஸ் போடு” என்றார் தலைமைச் சமையல்காரர். நான் அலமாரியைத் திறந்து டப்பா டப்பாவாகத் தேடினேன். புதுப் பையன்களை அதை வாங்கிவர அனுப்புவது அங்கே பழைய குறும்பாம். நான் யாரும் அனுப்பாமலே போயிருக்கிறேன்! (இப்போது அதே பெயரில் பிசுக்கு நீக்கும் திரவம் பாட்டிலில் விற்கிறார்கள். அன்று இருந்திருந்தால் மானம் பிழைத்திருக்கும்.)

எல்லோரும் சிரித்தார்கள், பக்கத்து சிங்க்கில் நின்ற போர்த்துக்கீசிய அம்மாவைத் தவிர. அவர் என் முழங்கையைப் பிடித்து உடம்போடு ஒட்டவைத்து, தோளிலிருந்து அழுத்தச் செய்தார். நாலாவது இழுப்பில் காந்தல் பெயர்ந்தது.

இணைத்தொடர் கேட்டிருந்தீர்கள் இல்லையா? ‘நல்லா அழுத்தித் தேய்’ போதும். மகளைத் திட்டாதீர்கள். அடுத்தமுறை பால் அடிப்பிடித்தால் பாத்திரத்தை அவளிடம் கொடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்றுகொண்டு எதுவும் சொல்லாதீர்கள்.